சம்பந்தி வீட்டார் கேட்ட கேள்வி

கஃபர் அபூ ஷவீஷ்
2016 நவம்பர் 3

அன்புள்ள இன்ஸாஃப் அக்காவுக்கு,

அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். நானும் தவ்ஹீதாவும் மகள் ரிஹாமும் சுகம். ஒசாகாவில் குளிர் எப்படி? ரொட்டி கிடைக்கிறதா, மூன்று வேளையும் சோறுதானா? முன்பே சொல்லியிருந்தால் நம் அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டையை உன் தலையில் ஏற்றி அனுப்பியிருப்பேன்!

செய்தி இரண்டு. முதலாவது, காகிதம் வந்துவிட்டது. மூன்று மாதம் மாத்திரை, பிறகு மூன்று மாதம் காத்திருப்பு, கடைசியில் இரத்தத்தைப் பார்த்து ‘ஈரல் வைரஸ் இல்லை’ என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி ஒரே கண்ணாடி ஊசியால் எல்லோருக்கும் குத்தினார்களே, அன்று உள்ளே வந்தவன் இப்போதுதான் காலி செய்தான். கிடா வெட்டினேன். ஊருக்கு ஆலையின் நேர்ச்சை என்று சொல்லிவிட்டோம். காகிதம் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

இரண்டாவது, ரிஹாமுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பக்கத்து ஊர் ஹாஜி மித்வல்லியின் மகன் ஸமீஹ், பள்ளி ஆசிரியர். இவளுக்குப் பிடித்திருக்கிறது, வெட்கமே இல்லாமல் சிரிக்கிறாள். பேச வந்த உம்மு ஷல்பி மட்டும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டாள். “ஹாஜி கண்டிப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு. உங்க வீட்ல ஈரல் சீக்கு யாருக்காச்சும் உண்டா?” நான் கண் சிமிட்டாமல், “எங்க வீட்லயா? ஒருத்தருக்கும் இல்லம்மா” என்றேன். பொய்யா அக்கா? இல்லை என்று அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கிறதே!

ஏப்ரல் 27 வியாழக்கிழமை நிக்காஹ். பதிலை ஆலை முகவரிக்கு எழுது. வீட்டில் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுகிறார்கள். நீ தும்மினால் தெருவே யர்ஹமுகில்லாஹ் சொல்கிறது.

உன் தம்பி,
அஷ்மாவி

•

ஒசாகா
2016 நவம்பர் 20

தம்பி அஷ்மாவிக்கு,

சலாம். எனக்குக் குளிரைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. ரிஹாமின் செய்தி படித்து ஆய்வகத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த ஜப்பான் பெண் பயந்துவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு என் முத்தம்.

காலி செய்துவிட்டான் என்கிறாய். சரி, வீட்டை என்ன கோலத்தில் விட்டுப் போனான் என்று பார்த்தாயா? இத்தனை வருஷமும் அந்த வைரஸ் உன் ஈரலைப் புகைந்துகொண்டே இருக்க வைத்தது. மூச்சுக்கு வேண்டிய அதே ஆக்ஸிஜன், உடைந்து வெறிபிடித்த துண்டுகளாகி, செல்லுக்குள் புகுந்து மரபணுவைக் கடிக்கிறது. அது ஒரு கேடு. இன்னொன்றும் உண்டு, அதுதான் என் வேலை. நகராட்சிக்காரர்கள் கடையைப் பூட்டிச் சிவப்பு மெழுகு முத்திரை வைப்பார்களே, அப்படிச் சில மரபணுக்களின் மேல் சின்னச் சின்ன ஒட்டுகள் விழுகின்றன. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் கதவு திறக்காது. ‘பெருகியது போதும், நிறுத்து’ என்று செல்லுக்குச் சொல்கிற மரபணுவே இப்படிப் பூட்டிக்கிடந்தால், புற்றைத் தடுக்க உள்ளே ஆள் இல்லை. வைரஸ் போய்விட்டது என்பதற்காக மெழுகு தானாக உருகிவிடாது.

மன்சூராவிலிருந்து இருநூறு ஈரல் துண்டுகளை இங்கே கொண்டுவந்திருக்கிறோம். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கு எவ்வளவு மெழுகு விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

2014இல் உனக்கு ஊசி வைத்து எடுத்த துண்டில் ஈரல் ஏற்கெனவே தழும்பேறிக் கிடந்தது. காகிதம் அதை மாற்றாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். டிசம்பரில் முதல் ஸ்கேன். சாக்குப்போக்கு சொல்லாதே.

தவ்ஹீதாவின் முழங்கால் எப்படி?

அக்கா,
இன்ஸாஃப்

•

கஃபர் அபூ ஷவீஷ்
2016 டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

உன் மெழுகுக் கதையை இரண்டு முறை படித்தேன். அம்மம்மா! நோய் இருந்தபோதுகூட நீ என்னை இவ்வளவு பயமுறுத்தவில்லை. குணமான பிறகா ஒருவனைப் போட்டு இப்படி வாட்டுவாய்?

போகிறேன் அக்கா, போகாமல் இருப்பேனா! ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு. மன்சூரா ஈரல் ஆஸ்பத்திரி வரிசை உனக்குத் தெரியாததா? நம் ஜில்லாவில் பாதி அங்கேதான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மித்வல்லியின் சொந்தக்காரன் ஒருவன் பார்த்தால் போதும், ‘பெண்ணின் அப்பனுக்கு ஈரல் சீக்கு, விஷயத்தையே மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள்’ என்று மறுநாளே உம்மு ஷல்பி வாசலில் நிற்பாள். போன வருஷம் ஷெரீஃபாவின் மகளுக்கு நிச்சய மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்களே, எதற்காக? இதற்காகத்தானே. அந்தப் பெண் இன்னும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

நான்கு மாதம்தானே. என்ன ஆகிவிடும்?

தம்பி,
அஷ்மாவி

•

ஒசாகா
2017 ஜனவரி 9

அஷ்மாவி,

சலாம். எல்லோரும் சுகம்தானே.

நான்கு மாதம் காத்திருக்காதே. மன்சூரா வேண்டாம் என்றால் தன்தாவுக்குப் போ, அங்கே உன்னை யாருக்குத் தெரியும்? நெல் விலை பேசப் போவதாகச் சொல்லிவிட்டுப் போ. இந்த வாரமே. ஸ்கேன் ஒன்று, ஆல்ஃபா ஃபீட்டோ என்கிற இரத்தச் சோதனை ஒன்று. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்காதே. அக்கா சொல்கிறேன், போ. நீ சின்ன வயதில் நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கிறாயா? இந்த ஒன்றையாவது கேளடா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை போன் செய்தேன். நீ “நல்லாயிருக்கேன் அக்கா, அல்ஹம்துலில்லாஹ்” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாய். உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஸாஃப்

•

கஃபர் அபூ ஷவீஷ்
2017 பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. நாங்கள் எல்லோரும் நலம்.

நீ சொன்னபடி தன்தாவுக்குப் போய்வந்தேன். இனி நிம்மதியாகத் தூங்கு. எல்லாம் சுத்தம். டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் வயிற்றில் களிம்பைத் தடவி அந்தக் கருவியை வைத்து உருட்டிவிட்டு, “ஹாஜி, உங்களுக்கு இருபது வயசுப் பையனோட ஈரல்” என்றான். நான் இன்னும் ஹஜ் செய்யவில்லை தம்பி என்றேன்.

கல்யாண வேலை தலைக்கு மேல். துணி, பாத்திரம், மெத்தை என்று வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. என் ஜலாபியா அங்கி தொளதொளவென்று தொங்குகிறதாம், தவ்ஹீதா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். அலைச்சல், வேறு என்ன?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஜப்பான் வேலை முடிந்ததும் நீ நம் ஊருக்கே வந்துவிடக் கூடாதா? மன்சூராவில் வீடு எதற்கு? ரிஹாம் போய்விட்டால் தவ்ஹீதா ஒற்றை ஆளாகிவிடுவாள். நான் இருக்கிறேன், இருந்தாலும் சொன்னேன்.

அஷ்மாவி

•

ஒசாகா
2017 மார்ச் 10

தம்பி,

சலாம். உன் கடிதம் கையில் கிடைத்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். அல்லாஹ்வுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஸ்கேன் அறிக்கையைப் பிரதி எடுத்து அனுப்பு. இரத்தச் சோதனையில் என்ன எண் வந்தது? இரண்டையும் மறக்காதே.

இன்ஸாஃப்

•

கஃபர் அபூ ஷவீஷ்
2017 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அறிக்கையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. மெத்தைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் எங்காவது போயிருக்கும், கல்யாணம் முடிந்து தேடுகிறேன். எண்ணெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன். நீ வர முடியாது என்று தெரியும். ரிஹாம் உன் பெயரையும் அதில் அச்சடிக்க வேண்டுமென்று அடம் பிடித்து வாங்கினாள், பார்.

அஷ்மாவி

•

ஒசாகா
2017 ஏப்ரல் 16

அஷ்மாவி,

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். அழைப்பிதழ் பார்த்தேன். நலம் விசாரிக்க இன்று மனம் இல்லை.

நீ தன்தாவுக்குப் போகவில்லை, அல்லது போய் எனக்குப் பொய் சொல்கிறாய். இரண்டில் எது என்று தெரியவில்லை. நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014இல் உனக்கு ஊசி வைத்து ஈரலில் துண்டு எடுத்த அன்று, “எருமைக்குப் போடுற ஊசிடா இது” என்று டாக்டரையே திட்டினாயே, அந்தக் குழாயை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவள் நான்தான். மூடியில் எண் எழுதியவளும் நான்தான். 71. மீதித் துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நீ கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்தக் குழாய் என்னோடு ஒசாகாவுக்கு வந்தது. ஜனவரி 5ஆம் தேதி அதன் முடிவு வந்தது.

இருநூறில் பதினொரு துண்டுகளில் காவல் மரபணுக்கள் வரிசையாகப் பூட்டிக்கிடந்தன. ஆக்ஸிஜன் துண்டுகள் கடித்த தடமும் அவற்றில்தான் அதிகம். பதினொன்றில் ஒன்று 71. இப்படிப்பட்ட ஈரல்களில் சில வருஷத்துக்குள் கட்டி வருவதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாத ஈரல் அது.

யாருடைய எண் என்று தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதனால்தான் ‘ஏன் என்று கேட்காதே’ என்று எழுதினேன். விதி விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஷ்மாவி, அது விதி இல்லை, பயம். வேலை போய்விடும் என்ற பயம். சொந்தத் தம்பியின் ஈரலைக் கண்ணால் பார்த்துவிட்டு மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை எதைக்கொண்டு அடித்தாலும் தகும்.

கல்யாணம் கிடக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மன்சூராவுக்குப் போ. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

இன்ஸாஃப்

•

கஃபர் அபூ ஷவீஷ்
2017 மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நிக்காஹ் முடிந்து நான்காம் நாள் வந்தது. முதலில் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிஹாமைப் பார்த்து ஊரே கண் வைத்தது. பெட்டி, மெத்தை, குளிர்பெட்டி எல்லாம் ஆறு வண்டியில் ஏறி, கொட்டடித்துக்கொண்டு மித்வல்லி வீட்டுக்குப் போயின. நானும் ஆடினேன். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள், குஷியில் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தன்தாவுக்குப் போனேன் அக்கா. அது பொய் இல்லை. பிப்ரவரி 12. அந்த மீசை முளைக்காத பையன் கருவியை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். “மாமா, மூணு சென்டிமீட்டர்ல ஒரு கட்டி இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். இந்த மாசமே ஊசி வெச்சுச் சுட்டுரலாம். தள்ளிப்போடாதீங்க, உங்க கால்ல விழுறேன்.” அப்படியே சொன்னான். கால்ல விழுறேன் என்று சொன்னான், நல்ல பிள்ளை. மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். “கட்டிக்குக் கல்யாணம்லாம் தெரியாது மாமா” என்றான்.

சுட்டால் நான்கு நாள் படுக்கை, பிறகு சோதனை, கேள்வி, வருவோர் போவோர். நான் ரிஹாமின் முகத்தை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வியாழன் மன்சூராவுக்குப் போனேன். கட்டி இப்போது பெரிய இரத்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டதாம். சுட முடியாது, அறுக்க முடியாது, வேறு ஈரலும் வைக்க முடியாது. எத்தனை மாதம் என்று கேட்டேன். டாக்டர் அம்மா ஈரலுக்கு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

ஆகவே உன் 71ஐ நினைத்து மருகாதே. ஜனவரியில் நீ முழுசாக எழுதியிருந்தாலும் நான் ஏப்ரலுக்குத்தான் தள்ளிப்போட்டிருப்பேன். நீ எழுதாததை நான் பிப்ரவரியில் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் வீட்டுக்குத்தானே வந்தேன். தவ்ஹீதாவிடம் எனக்கு வெறும் மஞ்சள்காமாலை என்று சொல்லியிருக்கிறேன்.

அஷ்மாவி

•

ஒசாகா
2017 மே 20

அட பாவி, பாவி! உனக்கு என்ன சலாம் வேண்டிக்கிடக்கிறது! யாரோ ஒரு ஹாஜி ஒரு கேள்வி கேட்டான் என்று உயிரைத் தூக்கிக் கொடுத்தாயா? நான் அங்கே இருந்திருந்தால் உன்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேனே.

பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்தில் கிடக்கிறது, ஜூன் 15ஆம் தேதிக்கு முன் தரமாட்டார்கள். ஜூன் 18 விமானம். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போன் செய்தால் நீ தவ்ஹீதாவிடம் கொடுத்துவிடுகிறாய், அவளிடம் நான் எதைச் சொல்வேன்? உப்பைக் குறை. வயிறு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

இருடா. நான் வரும்வரை இரு.

அக்கா

•

கஃபர் அபூ ஷவீஷ்
2017 ஜூன் 4, ரமலான்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நோன்பு வைக்க முடியவில்லை, மற்றபடி இருக்கிறேன். கண் மஞ்சள், வயிறு கொஞ்சம் பெரிசு. தவ்ஹீதா ஜலாபியாவில் இரண்டு பக்கமும் தைத்ததைப் பிரித்துவிட்டாள்.

நேற்று சம்பந்தி வந்தார். நல்ல மதியம், வெயில். உள்ளே வந்து என் கண்ணையும் வயிற்றையும் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார், தவ்ஹீதாவை அடுப்படிக்கு அனுப்பினார். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து, “சம்பந்தி, ஒரு தம்ளர் தண்ணி குடுங்க” என்றார். ஹாஜி மித்வல்லி, ரமலான் பகலில் தண்ணீர் கேட்கிறார்! என் கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஜலாபியா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து இரண்டை விழுங்கினார். அந்த அட்டையை எனக்குத் தெரியும் அக்கா. என்னுடையதும் அதேதான்.

“ஆறு வருஷமா எனக்கு ஈரல் சீக்கு” என்றார். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கேன்ல சின்னதா ஒண்ணு தெரிஞ்சுது. அன்னைக்கே சுட்டுட்டாங்க. இப்பவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போறேன். மன்சூராவுக்குப் போனா யாராவது பாத்துருவாங்கன்னு ஸகாஸீக் போறேன்.”

நான் தன்தா போனேன் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அக்கா, இரண்டு பேருக்கும். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

பிறகு நான்தான் கேட்டேன். “அப்புறம் எதுக்கு ஹாஜி உம்மு ஷல்பிகிட்ட ரெண்டு தடவை அந்தக் கேள்வியக் கேக்கச் சொன்னீங்க?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “உங்க வீட்லயும் ஒருத்தருக்கு இருக்குன்னா, என்னைப் பத்தித் தைரியமாச் சொல்லிரலாமேன்னுதான் சம்பந்தி. நாளைக்கு உங்களுக்குத் தெரிஞ்சு, மறைச்சுக் கட்டிட்டான்னு பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டா எம் புள்ள என்ன ஆவான்? இருக்குன்னு சொல்லுவீங்கன்னு எதிர்பாத்தேன். ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லி அனுப்புனீங்க. அதோட நானும் வாயை மூடிக்கிட்டேன்.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர், மூக்கு ஒழுக அழுதார். “ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிருக்கலாமே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரிஹாமிடம் இன்னும் சொல்லவில்லை. தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, அப்புறம் என்னைப் பற்றிச் சொல்வாராம். 18ஆம் தேதி உன்னைக் கூட்டிவரக் கெய்ரோவுக்கும் அவரே வருகிறார். என்னால் வண்டியில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது.

வருத்தப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எனக்கே ஆறவில்லை. அவர்கள் ஆள் அனுப்பி இரண்டு முறை கேட்டார்கள் அக்கா. “உங்க வீட்ல யாருக்காச்சும் உண்டா?” என்று நான் ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

சீக்கிரம் வா.

உன் தம்பி,
அஷ்மாவி